கரி பஸ்ஸில் முட்டிய மூச்சு

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஓடிய ஒரு பஸ்ஸில் நான் கிளீனராக இருந்தேன். இருபது வயது இருக்கும். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஒற்றைக் கையால் தொங்கியபடி அடிவாரத்தைத் தாண்டும்போது எனக்கு நானே ராஜா. ஆனால் அந்த ராஜாவுக்கு ஒரு குறை இருந்தது. சிறு வயதிலிருந்தே இழுப்பு. இன்றைக்கு ஆஸ்துமா என்று சொல்கிறோமே, அதுதான்.

இழுப்பு உள்ளவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லாதவர்களுக்கு எப்படிச் சொன்னாலும் புரிவதில்லை. மூச்சை உள்ளே இழுப்பதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இழுத்த மூச்சை வெளியே விட முடியாமல் தவிப்போமே, கொடுமை அதில்தான் இருக்கிறது. நெஞ்சுக்குள்ளே ஒரு பூனைக்குட்டி விடாமல் கத்திக்கொண்டே இருக்கும்.

என் அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தார்கள். நானும் அங்கேதான் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். அறுவடைக் காலத்தில் காலையில் காப்பிச் செடிகளுக்குள் நுழைந்தால், வெளியே வருவதற்குள் இடுப்புவரை நனைந்துவிடும். அந்த ஈரமும் பனியும் என் நெஞ்சுக்கு ஆகவே இல்லை. மாதத்தில் பாதி நாள் கூலிகளுக்கான லைன் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கிடப்பேன். அப்பாதான் தெரிந்த டிரைவர் ஒருவரிடம் சொல்லி என்னை பஸ்ஸில் சேர்த்துவிட்டார். தினமும் கீழே வெயில் பூமிக்குப் போய்வந்தால் உடம்பு தேறிவிடும் என்பது அவர் எண்ணம். தேறவும் செய்தது. எஞ்சின் சூட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து, இழுப்பு என்று ஒன்று இருப்பதையே சில மாதங்கள் மறந்திருந்தேன்.

அப்புறம்தான் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. எஸ்டேட் துரைமார்களே காரை ஷெட்டில் நிறுத்திவிட்டுக் குதிரையில் போக ஆரம்பித்தார்கள். எங்கள் பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளையைப் பொருத்தினார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்றடிக்க வேண்டும். கரி கனன்று வரும் புகையில்தான் எஞ்சின் ஓடும். கரி பஸ் என்று அதற்குப் பெயர். கரி கொட்டுவது, காற்றடிப்பது, சாம்பல் அள்ளுவது எல்லாம் கிளீனர் வேலை. எந்த ஈரமும் பனியும் வேண்டாம் என்று எஸ்டேட்டை விட்டு வந்தேனோ, அதைவிடப் பெரிய எமனாகப் புகை என்னைத் தேடி வந்து சேர்ந்தது.

வேலையை விட மனசில்லை. துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டுதான் கரி பக்கம் போவேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடித்துவிடுவேன். படுப்பது கிடையாது, பஸ் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவேன். இப்படி என்னென்னவோ செய்து ஓட்டினேன். டிரைவர் அண்ணன் நான் இருமுவதைப் பார்ப்பார். "கரிப்பொகைன்னா எல்லாத்துக்கும்தாண்டா இருமுது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவரும் இருமினார், அது உண்மைதான்.

சம்பவம் நடந்தது ஒரு ஐப்பசி மாதம். நாலைந்து நாளாக விடாத மழை. அன்று கொஞ்சம் வெறித்திருந்தாலும் மலை முழுக்க மூடுபனி. கரி மூட்டையில் ஈரம் இறங்கிவிட்டது. ஈரக்கரி என்றால் நெருப்பு பிடிக்காது, புகைதான் வரும். சேலத்தில் வண்டியைக் கிளப்புவதற்கே வெகுநேரம் கைப்பிடி சுற்ற வேண்டியிருந்தது. அப்போதே நெஞ்சு இறுகத் தொடங்கிவிட்டது. எண்ணி எண்ணி மூச்சு விட்டுக்கொண்டு ஏணியில் நின்றேன். பஸ் நிறைய ஆட்கள். எஸ்டேட் கூலிகள், சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், முன் சீட்டில் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் ஒருவர். அந்த ரைட்டர் வாரா வாரம் எங்கள் வண்டியில் வருகிறவர். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, கையில் குடை. தன் வேட்டியில் கரி பட்டுவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் என்னோடு சண்டை போடுவார்.

கரி பஸ்ஸுக்கு மலையேறும் பலம் கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் திணறும். சில இடங்களில் நின்றே போய்விடும். நின்றால் பின்பக்கம் நகர ஆரம்பிக்கும். அப்போது கிளீனர் குதித்து ஓடி, பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். ஏற்காட்டு மலையில் கிளீனர் என்றால் அந்தக் கட்டைதான் உயிர்.

பாதி மலை ஏறியிருப்போம். ஒரு செங்குத்தான வளைவில் எஞ்சின் இரண்டு தடவை விக்கியது. அப்புறம் சத்தமே இல்லை.

"கட்டை! கட்டையப் போடுறா!" என்று டிரைவர் அண்ணன் அலறினார்.

குதித்தேன். பஸ் பின்னால் நகர ஆரம்பித்துவிட்டது. ரோட்டின் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் வரிசை, அதற்கு அந்தப் பக்கம் பனி. பனிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது உருளையிலிருந்து வந்த புகை முழுக்க என் முகத்தில் அடித்தது. துண்டு எப்போது அவிழ்ந்து விழுந்தது என்று தெரியவில்லை. கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினேன். சக்கரம் அதன்மேல் கொஞ்சம் ஏறியது. கட்டை முனகியது. அப்புறம் பஸ் நின்றது.

வண்டி நின்றதைப் பார்த்தேன். அடுத்த மூச்சு எனக்கு வரவில்லை.

முழங்கால் மடங்கி ரோட்டில் விழுந்தேன். கண்டக்டர் ஓடிவந்து என்னைத் தூக்கி ஓரமாகப் படுக்கவைத்தார். படுத்ததும் நெஞ்சின்மேல் யாரோ கருங்கல்லை ஏற்றிய மாதிரி ஆகிவிட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறேன், அவர் ஆறுதலாகத் தோளைப் பிடித்து மறுபடி படுக்கவைக்கிறார். பேசவும் முடியவில்லை. பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். ஒருவர் ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகை பிடிக்கச் சொன்னார். வேறொருவர் காக்காய்வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவி தேடினார். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் எனக்கு இருந்த கொஞ்சம் காற்றையும் அவர்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு நான் சாகப் போகிறேன் என்றே நினைத்தேன்.

அப்போது ஒரு பெண்குரல்.

"அய்யய்யோ, அவனப் படுக்க வெக்காதீங்க! தூக்கி உக்கார வையுங்க! கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!"

முப்பத்தைந்து வயது இருக்கும். மாரமங்கலம் பக்கத்து மலை விவசாயக் குடும்பத்துப் பெண் என்று பிற்பாடு தெரிந்தது. தலையில் சுமந்திருந்த கூடையைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, இந்தப் பொகை அடிக்காத பக்கமாத் தூக்கிட்டு வாங்க" என்றார். இரண்டு பேர் என்னைத் தூக்கி, பஸ்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் அந்தக் கல் வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்த அக்கா என் முழங்கைகள் இரண்டையும் என் தொடையின்மேல் ஊன்றவைத்து, முன்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டார். எனக்கு எதிரே தரையிலேயே குந்தி உட்கார்ந்தார்.

"எனக்கும் இருக்குது சாமி இந்தக் கருமம். பயப்படாத. பேசாத. என் மொகத்தையே பாரு."

பார்த்தேன்.

"உள்ள இழுக்கறதப் பத்தி நெனைக்காத. அது தன்னால வரும். அடுப்பு ஊதற மாதிரி ஒதட்டக் குவிச்சு மெல்ல வெளிய ஊது. எங்கூட ஊது."

அவர் ஊதினார். நானும் ஊதினேன். முதலில் முடியவில்லை. பாதி ஊதுவதற்குள் உடம்பு பதறி உள்ளே இழுத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப ஊதினார். சுற்றி நின்ற ஜனங்களில் இரண்டு மூன்று பேர் தங்களை அறியாமலே உதட்டைக் குவித்து எங்களோடு சேர்ந்து ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையிலும் அது என் கண்ணில் பட்டது. இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பிறகு அவர் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அதிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை என் நாக்கில் வைத்தார். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு.

"இது வேல செய்யச் சித்த நேரம் ஆகும். அதுக்குள்ள யாராச்சும் வரக்காப்பி வாங்கியாந்தா நொம்பப் புண்ணியம். நல்லாக் கெட்டியா, சூடா வேணும்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த வளைவு தாண்டுனா லைன் ஊடு இருக்குதுங்க" என்றது ஒரு குரல். யார் என்று பார்த்தால், ரைட்டர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் அவர் ஓட்டமும் நடையுமாகப் போனதைப் பனி மறைக்கும்வரை பார்த்தேன். திரும்பி வந்தபோது தூற்றல் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பித்தளைச் சொம்பைக் குடைக்கு அடியில் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி வந்தார். அவர் வேட்டி முழுக்கச் செம்மண். பால் கலக்காத, வெல்லம் போட்ட கறுப்புக் காப்பி. காப்பி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் காப்பி என் தொண்டையில் இறங்கி நெஞ்சைத் திறந்ததை அன்றுதான் உணர்ந்தேன்.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. பூனைக்குட்டி சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கை நடுங்கியது, நெஞ்சு படபடவென்று அடித்தது. "மாத்தர வேல செய்யுது. அப்படித்தான் அடிக்கும், பயந்துக்காத" என்றார் அந்த அக்கா.

இனிமேல் பஸ்ஸை மேலே கொண்டுபோக வேண்டுமே. டிரைவர் அண்ணன் என்னிடம் வந்து நின்றார். பெரிய மீசைக்காரர். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"கட்டையப் போட்டுட்டுத்தாண்டா உழுந்திருக்கற" என்றார்.

பிறகு அவரே போய்க் கைப்பிடியைச் சுற்றினார். எஸ்டேட் ஆட்கள் முறை போட்டுக்கொண்டு காற்றடித்தார்கள். பெண்கள் எல்லோரும், "நாங்க நடந்தே வரோம், வண்டி லேசாப் போகட்டும்" என்று கூடைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். இரண்டு ஆட்கள் கட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார்கள். என்னை ரைட்டரின் முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். அந்த மலைப்பாதையில் நான் பயணியாக உட்கார்ந்து போனது அதுவே முதல் தடவை. கண்ணாடிக்கு முன்னால் பனி விலகி விலகிச் சேர்ந்தது. ரைட்டர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மேலே போனதும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கரிப்புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் வேலை அதோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். எஸ்டேட்டும் ஆகாது, பஸ்ஸும் ஆகாது என்றால் எங்கே போவது? அப்போது கண்டக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் டிரைவர் அண்ணனின் மச்சினன்.

"உனக்கு எழுதப் படிக்க வருமில்ல? நீ டிக்கெட்டப் போடு. நான் கரியப் பாத்துக்கறேன். தெனமும் இந்த ஜனங்ககிட்ட மல்லுக்கட்டறதுக்கு கரிகிட்ட மல்லுக்கட்டலாம்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளே டிரைவர் அண்ணன் முதலாளியிடம் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டார். காக்கிச் சட்டை அதேதான். தோளில் ஒரு தோல் பை ஏறியது. பழைய கண்டக்டர் யுத்தம் முடியும்வரை முகமெல்லாம் கரியாகத்தான் திரிந்தார். சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அந்த அக்காவை அடுத்த வாரமே மறுபடி பஸ்ஸில் பார்த்தேன். எனக்குக் கொடுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. யுத்தத்தால் அந்த மாத்திரை எங்குமே கிடைக்காமல் இருந்திருக்கிறது. அன்றைக்கு அவர் அதற்காகவே மாரமங்கலத்திலிருந்து நடந்து வந்து, பஸ் பிடித்துச் சேலம் போய், பல இடம் அலைந்து ஒரு சின்னப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

"உங்களுக்கு வந்திருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கு வல்லயே. உனக்குத்தான் வந்துது" என்றார்.

அன்றிலிருந்து மாத்திரை வாங்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தினமும் சேலம் போகிறவன் நான்தானே. எந்தக் கடையில் சரக்கு வருகிறது என்று விசாரித்து, கிடைக்கும்போது இருவருக்கும் வாங்கி வைப்பேன். அவர் காய்கறியோ பழமோ விற்க ஏற்காட்டுக்கு வரும் நாட்களில் பஸ் நிற்கும் இடத்துக்கு வருவார். பஸ் புறப்படும்வரை இருவரும் பேசிக்கொண்டிருப்போம். எங்கள் பேச்சு முழுக்க இழுப்பைப் பற்றித்தான். சாமை புடைக்கும்போது அவர் களத்துப் பக்கமே போவதில்லையாம். வீட்டுக்காரர் அவருக்காக அடுப்பை வெளியே கொட்டகை போட்டு மாற்றிவிட்டாராம். டாக்டர் சொன்னதை நான் அவருக்குச் சொல்வேன்: இழுப்பு முற்றும்வரை பொறுக்காமல், நெஞ்சு இறுக ஆரம்பித்ததுமே மாத்திரை போட வேண்டும் என்று. "நான் கடைசி வரைக்கும் பொறுத்துப் பொறுத்துப் பாப்பேன் போ" என்று அவர் சிரிப்பார். சித்திரையில் காப்பிச் செடி பூத்து மலையே மணக்கும்போது ஊரெல்லாம் மூச்சை இழுத்து இழுத்து அந்த மணத்தை அனுபவிக்கும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

ஒரு மழைக்காலத்தில் அவர் வரவே இல்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. அவருக்கு வாங்கிய மாத்திரை என் பையிலேயே கிடந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டிரைவர் அண்ணனிடம் ஒரு நாள் லீவு கேட்டுக்கொண்டு, மாரமங்கலத்துக்கு நடந்தே போனேன். வழியெல்லாம் சேறு, மிளகுக் கொடிகளிலிருந்து சொட்டும் தண்ணீர். அவருக்கு என்ன ஆகியிருக்குமோ என்ற நினைப்பில் வேகமாக நடந்தேன். இழுப்பு உள்ள அக்கா என்று விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துப் போனால், அந்த அக்கா கொட்டகையில் நன்றாக உட்கார்ந்து ராகி மாவு பிசைந்துகொண்டிருக்கிறார். பாலத்தின்மேல் முந்தின நாள்வரை வெள்ளம் போனதால் ஊரே வெளியில் வரவில்லையாம்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது விசில் சத்தம்தான்.

"அட கிறுக்கு! இந்த மழையில எதுக்குடா கண்ணு நடந்து வந்த?" என்று மாவுக் கையோடு ஓடிவந்து என்னைப் பிடித்து உட்காரவைத்தார். மருந்து கொண்டுபோனவனுக்கு அந்த மருந்தையே எடுத்துக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் வீட்டுக்காரர் வரக்காப்பி போட்டுக் கொண்டுவந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணுக்கே எனக்குத் தூக்கமில்ல. இப்ப ரெண்டாச்சு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தேன். சாயங்காலம் பை நிறைய ஆரஞ்சைக் கட்டிக் கொடுத்து, பாதி வழிவரை துணைக்கு வந்து அனுப்பினார்.

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் மறுபடி வந்தது. கொஞ்ச வருஷத்தில் என்னை வேறு ஊர்த் தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கல்யாணம், குழந்தைகள் என்று சமவெளியிலேயே தங்கிவிட்டேன். வெகுகாலம் கழித்து ஏற்காட்டுக்குப் போனபோது மாரமங்கலத்தில் விசாரித்தேன். அந்தக் குடும்பம் நிலத்தை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று சொல்ல ஆளில்லை. அத்தனை வருஷம் பழகியும் அவர் பெயரை நான் கேட்டதில்லை. அக்கா என்று கூப்பிட்டால் போதுமாக இருந்தது.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. இழுப்பு என்னை விட்டுப் போகவில்லை. நானும் அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். புதுப்புது மருந்தெல்லாம் வந்துவிட்டது, டாக்டர் சொல்கிறபடி ஒழுங்காக எடுத்துக்கொள்கிறேன். அந்த மலைப்பாதையில் விழுவதற்கு முன்புவரை, மூச்சு முட்டும்போதெல்லாம் செத்துவிடுவேன் என்றுதான் நினைப்பேன். அதற்குப் பிறகு, யாராவது வருவார்கள் என்று நினைக்கப் பழகிக்கொண்டேன். இந்த வயதுவரை யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.